எரியாத கரிக்கு ஒரு பங்கு

அஹுன்ட்சிக், மொன்ட்ரியால்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கிருபானந்தன் அண்ணைக்கு,

துஷாந்தினி எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. நானும் பிள்ளையும் சுகம். உங்களுடைய கூட்டாளி, எங்கள் வீட்டு மனுசனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் வல்-டோரில் இன்னும் பனி கொட்டுகிறது என்று லொறி ஓட்டுகிற றூபன் சொன்னான். காதை மூடிக்கொண்டு திரியுங்கள், இன்னும் இளந்தாரி என்ற நினைப்பு வேண்டாம்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். போனில் என்றால் நான் அழுதுவிடுவேன், நீங்கள் சத்தம் போடுவீர்கள், விசயம் அப்படியே கிடக்கும். வாட்ஸப்பில் எழுதினால் இவர் கண்ணில் படும். அதனால் றூபனின் லொறியில் வருகிற உதிரிப்பாகப் பெட்டிக்குள், பருத்தித்துறை வடை ரின்னுக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். வடையை எடுக்காமல் நீங்கள் அந்தப் பெட்டியை மூடமாட்டீர்கள்.

நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்த நாளிலிருந்து சாரங்கன் ஒழுங்காய்க் கதைப்பதில்லை. வேலையால் வந்ததும் பேஸ்மென்டுக்குள் இறங்கிவிடுகிறார். முந்தியும் இறங்குகிறவர்தான், ஆனால் அப்போது கீழே இருந்து ஏதாவது சத்தம் கேட்கும். தட்டுவார், முறுக்குவார், தனக்குத்தானே பேசிக்கொள்வார். இப்போது ஒரு சத்தமும் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்து இருக்கிறார். போனைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதையே பார்க்கிறார். யாருடைய அழைப்பைப் பார்க்கிறார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

மிச்சமான கரண்டுக் காசில் பங்கு பேசப் போன கூட்டத்தில் அந்தச் சுரங்கக் கொம்பனியின் கணக்கதிகாரி கேட்ட கேள்விதான் இவரை உடைத்தது. மனுசன் சிரித்து, பொன்ஜூர் சொல்லி, மரியாதையாகத்தான் கேட்டாராம். இந்த வருசம் சுரங்கத்தில் ஊறிய தண்ணீரே குறைவு, அதனால் கரண்டும் குறைந்தது, செலவாகாத காசில் நீங்கள் எப்படிப் பங்கு கேட்கிறீர்கள் என்று. அதற்குப் பிறகுதான் கருவியின் உரிமையை மொத்தமாகத் தங்களுக்கே விற்றுவிடச் சொன்னார்கள். ஐந்து வருசம் பேஸ்மென்டில் இருந்து இவர் செய்த கருவி அது. தண்ணீரின் அளவுக்குத் தக்கபடி பம்புகளை ஓட்டிக் கரண்டை மிச்சம் பிடிக்கும் என்று இவர் சொன்னபோது நானே நம்பவில்லை, நீங்கள்தான் நம்பினீர்கள். இப்போது இவர் வித்துத் துலைப்பம் என்கிறார். நீங்கள் பயந்தாங்கொள்ளி என்றீர்கள். இவர் உங்களைப் பெருமை பிடிச்ச மனுசன் என்றார். இரண்டு பேருக்கும் விசர் என்று நான் சொன்னேன், அதை ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணை, இனி நான் எழுதப்போவது கதை மாதிரி இருக்கும், பொறுமையாய்ப் படியுங்கள்.

டவுன்டவுனில் நான் வேலை செய்கிற பல்கலைக்கழக நூலகத்தில் சுரங்கங்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய நீராவி எஞ்சின் ஒன்றின் மாதிரி. முதல் நாள் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அது சாட்சாத் எங்கள் ஊர்க் கிணற்றுத் துலா! நடுவில் தாங்கி, குறுக்கே நீட்டு மரம். ஒரு நுனியை நீராவி இயந்திரம் கீழே இழுக்க, மற்ற நுனி சுரங்கத்துத் தண்ணீரை மேலே இறைக்கிறது. செய்தவர் ஜேம்ஸ் வாட் என்று எழுதியிருந்தது. வாட் என்றால் கேத்தில் மூடி துள்ளினதைப் பார்த்தவர் என்றுதான் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். கேத்திலை விடுங்கள் அண்ணை. அந்த மனுசனும் அவருடைய கூட்டாளி போல்ட்டனும் வியாபாரம் செய்த விதத்தைப் படித்து நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

இங்கிலாந்தின் ஒரு மூலையில், கோர்ன்வால் என்ற இடத்தில் செம்புச் சுரங்கங்கள். ஆழம் போகப் போகத் தண்ணீர். இறைக்க எஞ்சின் வேண்டும், எஞ்சினுக்குக் கரி வேண்டும். அந்தப் பக்கத்தில் கரியே இல்லை, கப்பலில் வரவேண்டும். பழைய எஞ்சின் கரியைத் தின்று சுரங்கக்காரரை ஓட்டாண்டியாக்கிக் கொண்டிருந்தது. இவர்களுடைய புது எஞ்சினுக்கு அதில் கொஞ்சம் போதும். அதற்கு என்ன விலை கேட்டார்கள் தெரியுமா? எஞ்சின் செய்கிற செலவை நீங்கள் பாருங்கள், மிச்சமாகிற கரியின் காசில் எங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு போதும் என்றார்களாம்.

மூன்றில் ஒரு பங்கு! எங்கள் குசினி மேசையில் இருந்து, புட்டைப் பிசைந்துகொண்டு நீங்கள் சொன்ன அதே கணக்கு. இருநூறு வருசத்துக்கு மேலே போய்விட்டது, நீங்கள் அதைப் படித்தவருமில்லை. எரிந்த கரியை நிறுக்கலாம். எரியாத கரியை யார் நிறுக்கிறது? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். அந்தத் துலா எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ண ஒரு சின்னப் பெட்டி பூட்டியிருக்கிறார்கள். அதைப் பூட்டித் திறக்கிற திறப்பு எஞ்சின்காரரின் ஆளிடம். பழைய எஞ்சின் அவ்வளவு வேலைக்கு எவ்வளவு கரி தின்றிருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்த்துப் பங்கு பிரித்தார்களாம். இல்லாத ஒன்றை இப்படி அளந்து காட்டிய மூளையை நினைக்க நினைக்க எனக்கு வாய் மூடவில்லை.

சுரங்கக்காரர் சும்மா இருந்தார்களா? முதலில் கும்பிட்டார்கள். எஞ்சின் பழகிப்போன பிறகு, ஏன் கொடுக்கவேண்டும் என்று முறுகத் தொடங்கினார்கள். உங்கள் கணக்கதிகாரி புதிதாய் ஒன்றும் கேட்கவில்லை அண்ணை, அது அந்தக் காலத்திலேயே கேட்டுத் தேய்ந்த கேள்வி. இதை இவரிடம் சொல்லத்தான் ஓடிவந்தேன். ஹென்றி-புராசாவில் மெத்ரோவால் இறங்கி வீடு வரும் வரைக்கும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். இவர் கேட்டுவிட்டு, அவை பெரிய ஆக்கள், நாங்கள் ஆர் என்றார். திரும்பக் கீழே போய்விட்டார்.

அதனால் விட்ட இடத்திலிருந்து திரும்பப் படிக்கத் தொடங்கினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதுதான். அப்போதுதான் அந்தப் பெரிய ஆளைக் கண்டுபிடித்தேன். அந்த வாட் இருக்கிறாரே, அவர் எங்கள் வீட்டு மனுசனை உரித்து வைத்த மாதிரி! தலையிடிக்காரர். பேரம் பேசத் தெரியாது, சுரங்கக்காரரோடு கதைப்பதென்றாலே உதறல். எல்லாம் நட்டமாகிவிடும், நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று புலம்பல். கோர்ன்வாலில் இருந்துகொண்டு, தூரத்தில் இருந்த கூட்டாளிக்கு அதையெல்லாம் எழுதுவாராம். கூட்டாளி ஆறுதல் எழுதுவாராம். இருவரையும் பிடித்து நிறுத்தியது அந்தக் கடிதப் போக்குவரத்துத்தான் என்று எனக்குப் படுகிறது. ஒப்பந்தத்தை எத்தனையோ பேர் எதிர்த்தார்கள், ஒருவரையொருவர் இவர்கள் விடவில்லை.

ஒருமுறை வாட் மிகவும் உடைந்துபோனாராம். அப்போது அவருடைய மனைவி, அவருக்குத் தெரியாமல், அந்தக் கூட்டாளிக்கு ஒரு கடிதம் போட்டா. இவருடைய மனம் சரியில்லை, உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள், நான் எழுதினது இவருக்குத் தெரியவேண்டாம் என்று.

அண்ணை, நான் அந்த மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த பிள்ளை ஒன்று பிரெஞ்சில் என்ன நடந்தது என்று கேட்டது. ஒன்றுமில்லை, மெர்சி என்றேன். என்னத்தைச் சொல்ல? எத்தனையோ கடலுக்கு அப்பால், எப்பவோ இருந்த ஒரு வெள்ளைக்காரி எனக்கு முன்னால் வந்து நின்று, நீயும் எழுதடி என்று சொன்ன மாதிரி இருந்தது என்றா சொல்ல?

அதுதான் எழுதுகிறேன்.

அடுத்த கிழமை கொம்பனிக்காரர் பேப்பரோடு இங்கே வருகிறார்கள். இவர் கையெழுத்துப் போடப்போகிறார். கோபத்தில் நீங்களும் போடுவீர்கள். கருவி போனால் போகட்டும், இவர் இன்னொன்று செய்வார். ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் கதைப்பதற்கு ஒரு காரணமும் இருக்காது. அதை நினைக்கத்தான் எனக்குப் பயம்.

நீங்கள் முதலில் இவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒப்பந்தம், பங்கு, கொம்பனி ஒன்றையும் எழுதவேண்டாம். போன வருசம் எங்களைச் சுரங்கத்துக்குள் கூட்டிக்கொண்டு போனீர்களே, அந்த நாளை எழுதுங்கள். கூண்டில் இறங்கும்போது நான் உங்கள் கையைப் பிடித்துக் கத்தியதை வேண்டுமென்றால் பகிடிக்கு எழுதுங்கள். கீழே அந்தப் பம்பு ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. இவர் கருவியைப் போட்டார். இரைச்சல் மெல்ல மெல்லக் குறைந்து, குறைந்து, ஒரு இடத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டதே! அங்கே வேலை செய்த ஆட்கள் எல்லோரும் கையில் இருந்ததை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். உலகத்தின் அடியில் நின்று அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. இவர் தொப்பி சரிந்தபடி நின்று, என்னைப் பார்க்கவில்லை அண்ணை, உங்களைத்தான் பார்த்துச் சிரித்தார். கட்டினவள் பக்கத்தில் நிற்க! அந்தச் சிரிப்பை அதற்குப் பிறகு நான் காணவில்லை. அது உங்களிடம்தான் இருக்கிறது, திருப்பி அனுப்புங்கள்.

நான் கேட்டு எழுதினதாக மூச்சும் விடவேண்டாம். வடை முறுகலாய் வந்திருக்கிறது, றூபனுக்கும் கொடுங்கள். வெள்ளிக்கிழமை கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தேன், திருநீறு பெட்டிக்குள் இருக்கிறது, பூசிக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போடுங்கள் என்று எழுதத்தான் வந்தேன். ஆனால் அந்தக் கூட்டாளி அவவின் கடிதத்தைக் கிழித்திருந்தால் எனக்கு இன்றைக்கு இதை எழுதத் துணிவு வந்திருக்காது. நீங்களும் கிழிக்கவேண்டாம். இவர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். பிறகு எவளாவது ஒருத்திக்குத் தேவைப்படும்.

தபாற்காரனைப் பார்த்தபடி,
உங்கள் தங்கச்சி
துஷாந்தினி சாரங்கன்