குதாயிசிப் பக்கம் திரும்பாத வண்டி

குதாயிசி,
3 ஜனவரி 2013

என் கண்ணே தெக்லே,

இதை உன் பையில் கம்பளிக் காலுறைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீ இதைக் கண்டுபிடித்துவிட்டாய் என்றால் காலுறை மாற்றுகிறாய் என்று அர்த்தம். எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது.

வாசலில் நின்று அழக் கூடாது என்றுதான் அதிகம் பேசாமல் அனுப்பினேன். ஒன்பதாம் தேதி காலையில் அறுவை சிகிச்சை. வயிற்றில் இருப்பது ஓர் அக்ரூட் அளவுக் கட்டி, அவ்வளவுதான். அதைப் பற்றிச் சொல்லும்போதே மருத்துவர் கொட்டாவி விட்டார். கொட்டாவி விடுகிற மருத்துவரை நம்பலாம் என்கிறான் உன் மாமா. பதினாறாம் தேதி உனக்குப் பள்ளி திறக்கும்போது நான் எழுந்து அடுப்படியில் நிற்பேன். குழாயும் ஊசியுமாக என்னை நீ பார்க்க வேண்டாம் என்றுதான் உன் அப்பாவோடு அனுப்புகிறேன். அவரும் மூன்று குளிர்காலமாக இந்தப் பனிச்சறுக்குப் பயணத்தை உனக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

நாங்கள் பிரிந்து இரண்டு வருடமாகிறது. அவரைக் குறை சொல்லும் உரிமை எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் சொல்கிறேன். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடு. கேட்க நாலு பேர் இருந்தால் அவர் கதை வளரும். கெட்ட மனிதர் இல்லை. கஷ்டம் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடுவார், அதுதான் அவர் நோய்.

போனில் பேச வேண்டாம். உன் குரலைக் கேட்டால் நான் அழுவேன், தையல் பிரியும். கடிதம் எழுது. படுத்தபடி படிக்க எனக்கும் ஏதாவது வேண்டுமே. எத்தனை முறை விழுந்தாய், யார் வீட்டில் என்ன சாப்பிட்டாய், எல்லாம் எழுது.

முத்தங்களுடன்,
அம்மா


குதாவுரி,
6 ஜனவரி

அன்புள்ள அம்மா,

காலுறை மாற்றினேன். இரண்டாம் நாளே.

முதல் நாள் நாற்பத்தொரு முறை விழுந்தேன். அதற்குப் பிறகு எண்ணுவதை அப்பா நிறுத்தச் சொல்லிவிட்டார். பனிப்பலகையில் இரண்டு காலையும் கட்டிவிட்டால் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கிறது. அப்பா என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே சறுக்கி வருகிறார், பூனை குட்டியைத் தூக்குவதுபோல.

வண்டிக்குள் ஒரு மெத்தை, இரண்டு பலகை, சின்ன காஸ் அடுப்பு, ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. “விடுதியில படுத்தா மலை தெரியாது கண்ணு” என்கிறார் அப்பா. வண்டியில் படுத்தாலும் தெரியவில்லை. கண்ணாடி முழுக்க உறைந்துவிடுகிறது. இரண்டாம் இரவு யாரோ அதைத் தட்டி, “உள்ள மனுஷங்களா, கறியா? கறின்னா விடுங்க, ஒரு மாசத்துக்குக் கெடாது” என்றார். சறுக்க வருபவர்களை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டில் வேலை செய்யும் கோகி மாமா. எங்களை அப்படியே வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கை, பீன்ஸ் குழம்பு, சூடான ரொட்டி. பிள்ளையின் அம்மா எங்கே என்று அவர் மனைவி கேட்டதற்கு அப்பா, “குதாயிசியில. எங்க ரெண்டு பேரவிட அவளுக்கு மூளை அதிகம், அதான் குளிர்காலத்துல வீட்டுக்குள்ள இருக்கா” என்றார். எல்லாரும் சிரித்தோம். பிறகு அப்பா, தேசியப் பனிச்சறுக்குப் போட்டியில் தான் மூன்றாவதாக வந்ததாகச் சொன்னார். என்னிடம் ஐந்தாவது என்று சொல்லியிருந்தார்.

நாளைக் காலையில் இதைத் தபாலில் போட்டுவிடுவதாகச் சொல்கிறார். அறுவைக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும். பயப்படாதே அம்மா. மருத்துவரைத் திரும்பவும் கொட்டாவி விடச் சொல்.

உன்,
தெக்லே


பகுரியானி,
11 ஜனவரி, இரவு

அம்மா,

எப்படி இருக்கிறாய்? ரொம்ப வலிக்கிறதா?

இதை அப்பாவுக்குத் தெரியாமல் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பேட்டரி தேடி வண்டியின் முன்னிருக்கைக்கு எதிரே இருக்கும் டப்பாவைத் திறந்தேன். குதாவுரியில் நான் எழுதிய கடிதம் அங்கேயே இருக்கிறது. மறந்துவிட்டார். ஒரு வரிகூடப் படிக்காமல்தான் நீ அறுவைக்குப் போயிருக்கிறாய். அந்தக் கடிதத்தை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். இனிமேல் யாரிடமும் தர மாட்டேன். பதினாறுக்கு ஐந்து நாள்தானே, எல்லாவற்றையும் நானே கொண்டுவந்து தருகிறேன்.

ஆனால் அதற்காக மட்டும் ஒளிந்து எழுதவில்லை. நேற்று நடந்ததைச் சொல்கிறேன், கோபப்படாதே.

நாங்கள் இங்கே லமாரா அத்தை வீட்டில் இருக்கிறோம். பூட்ஸும் பலகையும் வாடகைக்கு விடும் கடைக்காரி. கடைக்குப் பின்னால் வண்டியை நிறுத்தக் கேட்டதற்கு, வீட்டுக்குள்ளேயே வரச் சொல்லிவிட்டார். நேற்று இரவு சாப்பிடும்போது அப்பாவுக்குப் போன் வந்தது. கோட்டுகூடப் போடாமல் வெளியே போனார். திரும்பி வந்தபோது தலை நிறையப் பனி. தட்டிவிடவே இல்லை. யார் என்றேன். தப்பு நம்பராம். என்னைப் படுக்கப் போகச் சொன்னார்.

நான் படுத்தேன், தூங்கவில்லை. நடுவில் இடுக்கு விட்ட மெல்லிய பலகைச் சுவர்தான். லமாரா அத்தை உன்னைப் பற்றிக் கேட்டது காதில் விழுந்தது. குதாவுரியில் சொன்ன அதே நகைச்சுவையைச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அப்பா கரண்டியைக் கீழே வைத்தது கேட்டது. பிறகு, “செத்துட்டா” என்றார். “குழந்தைகிட்ட எதுவும் பேசாதீங்க.”

லமாரா அத்தை அழுதார். அவர் கணவர் கிண்ணத்தைத் தூக்கி உன் பெயரைக் கேட்டு, நெஸ்தானின் ஆன்மாவுக்கு என்று சொல்லி ரொட்டித் துண்டில் மதுவைச் சொட்டினார். சொட்டும் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

இன்று காலையில் எங்களுக்குப் பெரிய அறை, இரண்டு மெத்தை, இறைச்சி. நாளைக்கும் தங்கலாமாம், அடுத்த வாரமும் தங்கலாமாம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது அம்மா. கோகி மாமா வீட்டில் சிரிக்க வைத்ததற்கு பீன்ஸ் கிடைத்தது. இங்கே உன்னைச் சாகடித்ததற்கு இறைச்சி கிடைக்கிறது. நானும் சாப்பிட்டேன். இரண்டு துண்டு.

அப்பா இல்லாதபோது அடுப்படியில், “எங்கம்மா குதாயிசியில இருக்காங்க” என்று லமாரா அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். மூச்சு முட்டியது. “இருக்காங்கடா தங்கம். எங்கயும் போகல. எங்க வீட்டுக்காரரோட தம்பி போனப்ப நானும் ஒரு வருஷம் அவனுக்குத் தட்டு வெச்சேன்” என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? அப்பா பொய்யர் என்று சொன்னால் இந்தக் குளிரில் எங்களை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயம். சொல்லாவிட்டால் இவர்கள் சொல்லிச் சொல்லியே உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

இன்று மலையில் முதல் முறையாக இரண்டு பக்கமும் திரும்பினேன், விழாமல். அப்பா கைதட்டினார். தட்டிக்கொண்டே பனியில் உட்கார்ந்து கையுறைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அவ்வளவு மோசமாகவா திரும்பினேன் என்று கேட்டேன். 

பத்திரமாக இரு.

தெக்லே


சுக்தீதி,
15 ஜனவரி, இரவு

அம்மா,

இன்று உன் பக்கத்தில் வந்துவிட்டுப் போய்விட்டேன்.

மலைகளிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். பள்ளி நாளைக்குத் திறக்கிறது. குதாயிசி என்று பலகை வந்தது. நகருக்குள் போகும் சாலை வலப்பக்கம் பிரியும் இடத்தில், பெட்ரோல் பங்க்குக்கு முன்னால் அப்பா வண்டியை நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. கழுத்து வரை பொத்தான் போட்ட கறுப்புச் சட்டை போட்டிருந்தார். காலையில் லமாரா அத்தையிடம் கேட்டு இஸ்திரி போட்டிருந்தார். அரைமணி நேரம் அப்படியே இருந்தோம். இரண்டு முறை கியரைப் போட்டார், இரண்டு முறை எடுத்தார்.

பிறகு நேராக ஓட்டினார்.

நான் கத்தினேன். திருப்புங்கள், அம்மா காத்துக்கொண்டிருப்பாள் என்றேன். கதவுக் கைப்பிடியைப் பிடித்தேன். பூட்டிவிட்டார். “இன்னிக்கு முடியாது கண்ணு. இன்னிக்கு மட்டும் என்னால முடியாது” என்றார். மெஸ்தியா மலையை ஒரு முறை பார்த்துவிட்டு வந்துவிடலாம், ஒரே ஒரு மலை என்றார். போனைக் கேட்டேன். சார்ஜ் இல்லையாம். உன் எண் எனக்கு மனப்பாடமாகத் தெரியாது, அது என் முட்டாள்தனம்.

இங்கே வேறொரு பங்க்கில் டயர் வைக்கும் அறையில் படுத்திருக்கிறோம். வேலை செய்பவர் தன் சொந்தப் போர்வையைத் தந்தார். அப்பா அவரை வெளியே கூட்டிப்போய் ஏதோ சொன்னார், அவர் உடனே குல்லாவைக் கழற்றினார். அதைப் பார்த்தாலே அப்பா என்ன சொன்னார் என்று இப்போது எனக்குத் தெரிந்துவிடுகிறது.

நீ கவலைப்பட்டுக்கொண்டிருப்பாய். மாமாவிடம் சொல்லிப் போலீஸுக்குப் போ. அப்பாவைத் திட்டினால் போதும், அடிக்க வேண்டாம் என்று சொல்.

தெக்லே


மெஸ்தியாவுக்கு மேலே,
19 ஜனவரி

அம்மா,

இதை உனக்கு எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் தெரியவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மூன்று நாளைக்கு முன் வண்டி பனியில் புதைந்தது. பிமுர்சா மாமா என்பவர் காளைகளைப் பூட்டி இழுத்து வெளியே எடுத்தார். அப்படியே அவர் வீட்டில் தங்கிவிட்டோம். அவர் மனைவி சியாலா அத்தை. அப்பா இங்கேயும் அதையே சொன்னார், பிமுர்சா மாமாவும் குல்லாவைக் கழற்றினார்.

நேற்று மாலை இவர்கள் வீட்டில் இறந்தவர்கள் வரும் நாள். வருடத்துக்கு ஒரு முறை வந்து சில நாள் தங்கிவிட்டுத் திங்கட்கிழமை போவார்களாம். மேஜை முழுக்க உணவு, ஆவி பறக்க. அதை முதலில் அவர்கள் சாப்பிட வேண்டும், மற்றவர்கள் நிற்க வேண்டும். வாசல் கதவைப் பனி உள்ளே வரும்படி அகலத் திறந்தார்கள். பிமுர்சா மாமா ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கூப்பிட்டார், சியாலா அத்தை ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தட்டு வைத்தார். தப்பித் தவறிக்கூட உயிரோடு இருப்பவர் பெயரை அங்கே சொல்லக் கூடாது, அது ஆளைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளுவது மாதிரி என்று எனக்குக் காலையிலேயே சொல்லியிருந்தார்.

கடைசியில் இன்னொரு தட்டு வைத்தார். பிமுர்சா மாமா அப்பாவைப் பார்த்து, “விருந்தாளியோட ஆளுங்களுக்கும் இங்க இடமுண்டு. உங்க வீட்டம்மா பேரச் சொல்லுங்க, கூப்பிடறேன்” என்றார்.

எல்லா வீட்டிலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இங்கே முடியவில்லை.

“எங்கம்மா உயிரோட இருக்காங்க” என்றேன். “அப்பா எல்லா வீட்லயும் பொய் சொல்றார். படுக்க இடம் கிடைக்கணும்னு சொல்றார். தயவுசெஞ்சு கூப்பிடாதீங்க.”

சியாலா அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. தட்டை எடுக்கக் கை நீட்டினார். பிமுர்சா மாமா கோபப்படவில்லை. “மல்காஸ்” என்று அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். “எங்கிட்ட பொய் சொல்லியிருந்தா பரவாயில்ல, நீங்க என் விருந்தாளி. ஆனா இப்ப இங்க வந்திருக்கறவங்க எதிர்ல சொல்லக் கூடாது. தட்ட எடுக்கட்டுமா?”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தார்.

“எடுக்காதீங்க” என்றார். பிறகு உன் பெயரைச் சொன்னார். முழுப் பெயர், உன் அப்பா பெயரோடு.

நீ கண் விழிக்கவே இல்லையாம். ஒன்பதாம் தேதி அறுவை முடிந்தும் விழிக்கவில்லை, பத்தாம் தேதி மாலையும் விழிக்கவில்லை. அன்று இரவு போனில் பேசியது மாமா. பதினைந்தாம் தேதி உன்னை அடக்கம் செய்தார்கள். நாங்கள் பெட்ரோல் பங்க் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். “எல்லார்கிட்டயும் சொல்ல முடிஞ்சுது. உங்கிட்ட மட்டும் முடியல. ஒவ்வொரு வீட்லயும் சொல்லிச் சொல்லிப் பழகிப் பாத்தேன் கண்ணு” என்றார். “உங்கிட்ட சொல்ல ஒரு தடவகூட வாய் வரல.”

சியாலா அத்தை கதவைச் சாத்தவில்லை. பனி மேஜை வரைக்கும் வந்தது.  நான் உன் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் வைத்த இறைச்சி ரொட்டியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது, பிறகு நின்றுவிட்டது.

தெக்லே


20 ஜனவரி, ஞாயிறு இரவு

அம்மா,

காலையில் எல்லாரையும் வழியனுப்பிவிடுவார்கள். அதுவரை நீ இந்த வீட்டில்தான் இருப்பாய் என்கிறார் சியாலா அத்தை. நான் நம்புகிறேனா என்று தெரியவில்லை. இருந்தாலும் அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

இரண்டு நாளாக அப்பாவோடு பேசவில்லை. அவர் வீட்டுக்குள் வரவில்லை, வண்டியிலேயே படுக்கிறார். விருந்தாளி வெளியே படுத்தால் ஊரில் தன் மானம் என்னாவது என்று பிமுர்சா மாமா சண்டை போட்டுப் பார்த்தார். கேட்கவில்லை என்றதும் ஆட்டுத்தோலைத் தூக்கிக்கொண்டு போய் அவரும் வண்டிக்குள் படுத்துவிட்டார். அவர் குறட்டை இங்கே வரைக்கும் கேட்கிறது.

கோகி மாமா வீட்டைத் தவிர எல்லா வீட்டுக்கும் தெரிந்திருந்தது. டயர் அறைக்காரருக்குக்கூட. உனக்காக முன்பின் தெரியாதவர்கள் அழுதார்கள், அதை நான் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு பொய் என்று நினைத்தேன். மாமா, என் ஆசிரியை, கீழ்வீட்டுக்காரர்கள், எல்லாரும் உன்னைப் பார்த்திருப்பார்கள். நான் பார்க்கவில்லை. ஏன் என்று யாரிடம் கேட்பது? அப்பாவிடம் கேட்டால் மறுபடி தரையில் உட்கார்ந்துவிடுவார். இவ்வளவு பெரிய ஆள் உட்கார்ந்தால் என்னால் தூக்க முடியாது.

நாளை நாங்கள் குதாயிசிக்கு வருகிறோம். பிமுர்சா மாமாவின் மருமகன் ஜீப்பில் போகிறான், அதில் என்னைக் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள், சியாலா அத்தையும் கூட வருவாராம். சாயங்காலம் அப்பா வாசலுக்கு வந்து, உள்ளே வராமலே, “நீ அதுலயே போ. நான் பின்னாடியே வரேன்” என்றார்.

அவர் பின்னாடியே வர மாட்டார் அம்மா. உனக்கும் தெரியும். எங்காவது ஒரு பிரிவில் இன்ஜினை அணைக்காமல் நிற்பார், பிறகு நேராகப் போய்விடுவார். அடுத்த மலை, அதற்கடுத்த மலை. ஒவ்வொரு வீட்டிலும் நல்லவர்கள் கதவைத் திறந்துவிடுவார்கள்.

அதனால் வண்டியிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளில் அவரிடம் சொன்ன ஒரே வார்த்தை அது. ஆனால் முன்னால் உட்கார மாட்டேன். பின்னால், பலகைகளுக்குப் பக்கத்தில் உட்காருவேன். கண்ணாடியில் பார்த்தால் நான் இருப்பது அவருக்குத் தெரியும். அதற்கு மேல் இப்போது என்னால் முடியாது.

உன்,
தெக்லே