முந்தாநாளிலிருந்து வராத மிதவை

அன்புள்ள மூத்தவளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா, நான், பம்ப் ஹவுஸ் மூவரும் நலம். மழை பிடித்ததிலிருந்து வடிகட்டிக் கம்பியில் சிக்கும் கிளைகளை இழுத்து இழுத்து என் இடுப்பு போய்விட்டது. உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும்.

போன முறை வந்தபோது, நீயும் உன் குழுவும் அளக்கப்போகும் ஆற்றைப் போர்வையைக் கசக்கி வைத்துக் காட்டினாயே. மேலே மூன்று அருவிகள், கடைசி அருவிக்குக் கீழே பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆழமான பள்ளம், அது முடியும் இடத்தில் என் பம்ப் ஹவுஸ். அருவி தன் காலடிப் பாறையைத் தின்று தின்று பின்னுக்கே போகிறது, அது போன தடம்தான் அந்தப் பள்ளம் என்றாய். "இங்கயும் ஒருத்தர் அப்படித்தான் பின்னாலயே போயிட்டிருக்கார்" என்று அம்மா என்னைக் காட்டினாள். நானும் சிரித்தேன். பள்ளத்துக்குள் வானம் ரிப்பன் அளவுதான் தெரியும், மேலே மழை கொட்டினாலும் தண்ணீர் வந்துதான் சொல்லும் என்றாயே, அதுதான் இப்போது தூங்க விடவில்லை.

நீரின் வேகம் பார்க்க நீங்கள் காலையில் விடும் ஆரஞ்சு மிதவை, மாலைக்குள் என் கம்பியில் வந்து முட்டும். சிக்னல் இல்லாத இடத்திலிருந்து எனக்கு அதுதான் உன் போன். மேஸ்திரி பார்க்காத நேரத்தில் அதனிடம் சாப்பிட்டாயா என்று கேட்பேன். பைத்தியம்தான்.

முந்தாநாளிலிருந்து மிதவை இல்லை. இன்று காலை மஞ்சள் ஹெல்மெட் ஒன்று வந்தது. உங்கள் குழுவில் எல்லோருக்கும் மஞ்சள்தான், தெரியும். தாடைப் பட்டை அறுபடவில்லை, கொக்கி கழன்றிருந்தது. "யாரோ கழட்டி வச்சிருக்காங்க, தண்ணி தள்ளிட்டு வந்துடுச்சு" என்றார் மேஸ்திரி, என் முகத்தைப் பார்க்காமல். உள்ளே ஒரு நீள முடி ஒட்டியிருந்தது. அதை அவருக்குக் காட்டவில்லை.

மீட்புக்காரர்களிடம் சொல்லிவிட்டோம். மண் சரிந்து பாதை அடைபட்டுக் கிடக்கிறது, சரியானதும் கிளம்புவார்களாம். உங்களுக்கு அரிசி, பருப்பு சுமந்து வரும் கழுதைக்காரர் மட்டும் மேட்டு வழியாக உங்கள் முகாமுக்கு வருகிறார். இதை அவரிடம் கொடுக்கிறேன்.

நேற்று அம்மா, "மிதவை வந்துச்சா?" என்று கேட்டாள். பழைய ஒன்றைக் குழாயில் நனைத்து, சொட்டச் சொட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். முந்தானையால் துடைத்து வைத்தாள்.

கண்ணே, பதில் எழுத வேண்டாம். அப்பாவைத் திட்டி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு, போதும். இந்த உறையை நீதான் பிரிக்க வேண்டும். வேறு யாராவது பிரித்திருந்தால், ஐயா, இதோடு நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டுக் கொடுங்கள். பக்கத்தில்தான் இருப்பாள்.

நீ நூறு வருஷம் இருக்க வேண்டும்.

அப்பா