நைனாவின் ஞாயிற்றுக்கிழமைக் குளியல்

திருத்தணி

அன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. மலைமேல் இருக்கிறவர் தயவில் நானும் நைனாவும் தறிகளும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். அயர்லாந்துக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். நல்லா இருக்கேன் என்றுதான் நீ சொல்கிறாய், நீ அனுப்பின போட்டோவில் உன் கழுத்தெலும்பு வேறு கதை சொல்கிறது. அது இருக்கட்டும், முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், சிரித்து முடித்துவிட்டு மேலே படி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் கீரைக் கூடைகளுக்கு நடுவே குனிந்து உட்கார்ந்து, கட்டின புருஷன் பின்னாலேயே துப்பறியப் போனாள்.

எல்லாம் உன் நைனா செய்த வேலை. ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு விட்டதும், உன்னை ஏர்போர்ட்டில் ஏற்றிவிடப் போட்டுக்கொண்டாரே, அந்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, மலைக்குப் போயிட்டு வரேன் என்று கிளம்பிவிடுவார். திரும்பி வந்தால் நெற்றியில் விபூதி இல்லை, படி ஏறின மூச்சிரைப்பு இல்லை. முகம் மட்டும் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிப் பளபளவென்று இருக்கும். சட்டையில் ஊதுவத்தி வாசனை, அதுவும் கோயில் வாசனை இல்லை, ஏதோ சென்னை வாசனை. இந்த வயதில் ஆம்பளை காரணமில்லாமல் பளபளத்தால் எந்தப் பெண்டாட்டி சும்மா இருப்பாள்? பக்கத்து வீட்டு கெங்கம்மாள் வேறு, "இன்னா வள்ளி, அண்ணன் மாப்ள கணக்கா போய்கினு இருக்காரு, விசேஷமா?" என்று எண்ணெய் ஊற்றினாள்.

நான் பின்னாலேயே போன அன்று, பஸ்ஸில் போய்க் கே.ஜி.கண்டிகையில் இறங்கினவர் ஒரு டீக்கடை மாடிக்கு ஏறினார். கீழே பலகையில், ஒலிக் குளியல், மன அமைதிக்கும் உடல் நலத்துக்கும் என்று எழுதியிருந்தது. முக்காட்டை விலக்கிப் படித்தேன். குளியல் என்கிறான், இந்த மனுஷன் துண்டு கூட எடுத்துப் போகவில்லையே! செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். வாசலில் விடுவதற்குத்தான் என்று வைத்துக்கொள். உள்ளே பார்த்தால் ஏழெட்டுப் பேர் பாயில் மல்லாந்து கிடக்கிறார்கள், கண்ணுக்கு மேல் கறுப்புத் துணி. நடுவில் விஜி என்று ஒரு சென்னைப் பெண், உன் வயதுதான் இருக்கும், சுற்றிலும் வெண்கலக் கிண்ணங்கள். கட்டையால் தட்டுகிறாள், விளிம்பில் வைத்துத் தேய்க்கிறாள், ஙொய்ங் என்று ஒரு சத்தம் கிளம்பி அறை முழுக்கச் சுற்றுகிறது. அதில் முங்கிக் கிடப்பதுதான் குளியலாம், கவலை கரையுமாம், தூக்கம் வருமாம். விடிந்தது முதல் தடதடவென்று தறி ஓடுகிற வீட்டுக்காரருக்கே சத்தத்தை விற்கிறார்கள் என்றால் எவ்வளவு துணிச்சல் பார். கிண்ணத்துக்கு அடியில் மிஷின் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறாளா என்று குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதனாலேயே சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. மற்றவர்களுக்கெல்லாம் காதோரம் தட்டிக்கொண்டு வந்தவள், உன் நைனாவுக்கு மட்டும் கிண்ணத்தை நெஞ்சின்மேல் வைத்துத் தட்டினாள். தட்டினதும் அவர் சிரித்தார் பார், பிள்ளைகள் தூக்கத்தில் சிரிக்குமே, அப்படி. அதென்ன அவருக்கு மட்டும் தனி உபசாரம்? முடிந்ததும் அந்தப் பெண்ணை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அவருக்குத்தான் காது சரியா கேக்கறதில்லையே ஆன்ட்டி. நெஞ்சுல வச்சா அதிர்றது தெரியுது, கேக்குற மாதிரியே இருக்குதுன்னாரு. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியாது தேவி. கூடவே இருந்தும் தெரியாது. ஆனால் நீயே சொல்லு, நம் வீட்டில் யார் வாயால் பேசினோம்? சோறு தயார் என்றால் விரலைக் குவித்துக் காட்டுவோம், இழை அறுந்தால் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டுவோம், மிச்சத்தையெல்லாம் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம். நீயே பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் கையை ஆட்டித் தண்ணீர் கேட்டுத் திட்டு வாங்கினவள்தானே. தறி ஓடுகிற வரைக்கும் இந்த வீட்டில் எல்லோரும் செவிடு, அதில் ஒருத்தருக்கு நிஜமாகவே காது போனால் யாருக்குத் தெரியும்? பஸ் ஸ்டாப்பில் வைத்து அவரைப் பிடித்தேன். முதலில் என் முக்காட்டைப் பார்த்து, "யாரும்மா நீ, கோழி புடிக்க வந்தியா?" என்று கிண்டல் பண்ணினார். பிறகுதான், ஆங், கொஞ்ச நாளா மந்தமாத்தான் கீது என்று ஒப்புக்கொண்டார். டாக்டரிடம் போகலாம் என்றால், "காதுல மிஷின் மாட்டி என்னைக் கெயவனாக்கிடுவான், கிண்ணமே சரி பண்ணிடும்" என்கிறார். விஜியே, இது வைத்தியம் இல்லை, காது டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவள்மேல் இருந்த சந்தேகம் அதில் பாதி போனது. கிண்ணத்தின்மேல் அப்படியேதான் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆடிக் கிருத்திகைக்கு லீவு கிடைக்கவில்லை என்று போன் பண்ணி, "நைனா, எம்மேல கோவமா?" என்று கேட்டாயே, அவர் ஆங், ஆங் என்று சொல்லிப் போனை என் கையில் கொடுத்தாரே, நீ அழுதாயே. அன்றிலிருந்து நைனாவிடம் கொடு என்று நீ கேட்பதே இல்லை. கண்ணு, அவருக்குக் கோபம் இல்லை. நீ என்ன கேட்டாய் என்றே அவருக்குத் தெரியாது. எதைக் கேட்டிருந்தாலும் ஆங் தான் சொல்லியிருப்பார். வீடியோவில் பேசலாம் என்றால் உன் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது, உதடு எங்கே தெரிகிறது? அந்த மனுஷனோ, பாப்பாவுக்கு நம்மகிட்ட பேசப் பிடிக்கல போல என்று தறியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால் நீ அவருக்குக் கடிதம் எழுது. போண்டா மடித்து வந்த காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவர், உன் கடிதத்தை விடுவாரா? உனக்கும் கோபம் இல்லை என்று முதல் வரியிலேயே எழுதிவிடு. காது டாக்டரிடம் போகச் சொல்லு, நான் சொன்னால் சண்டை, நர்ஸ் பெண் நீ சொன்னால் சட்டம். என் முக்காட்டை மட்டும் கிளறாதே, தெருவே சிரித்து முடித்துவிட்டது. தெருக்கோடி பிரகாஷ் உன் ஊர்ப் பக்கம் வருகிறான், இதோடு ஆவக்காய் ஊறுகாயும் கொடுத்திருக்கிறேன், ஈரக் கரண்டி போடாதே.

வள்ளியும் தெய்வானையும் உனக்குத் துணையிருக்கட்டும், எலும்பு தெரியாத அளவுக்கு உடம்பு தேறி நூறாண்டு இரு. எழுத மறக்காதே.

இப்படிக்கு உன் அம்மா,
வள்ளிநாயகி

பின்குறிப்பு: நேற்று அந்த ஒலிக் குளியலுக்கு நானும் கூடப் போய்ப் படுத்தேன், வேவு பார்க்கத்தான். எப்படியோ தூங்கிவிட்டேன். கிண்ணச் சத்தம் திடீரென்று நின்றது. நமக்குச் சத்தம் நின்றால் இழை அறுந்தது என்றுதானே அர்த்தம், கண்ணைத் திறக்காமலே எழுந்து கைக்கு அகப்பட்ட இரண்டு நுனிகளைப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டேன். ஒன்று விஜியின் துப்பட்டா, இன்னொன்று பக்கத்தில் படுத்திருந்த ரிட்டயர்டு வாத்தியார் பரந்தாமனின் வேட்டி. நம் முடிச்சு அவிழாது. கீழே டீக்கடையிலிருந்து கத்தரிக்கோல் வந்தது. கூச்சல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உன் நைனா மட்டும் எதுவும் கேட்காமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.