சுலைகாவுக்குக் குளிர்ந்த பால் தேத்தண்ணி

மே 4, ஞாயிறு

அனலாய் வீசும் கச்சான் காற்று. முற்றத்து மணல் காலைச் சுடுகிறது. தறி ஓட்டவில்லை, பாதி நெய்த சாரன் அப்படியே.

என் மனைவி சுலைகாவுக்கு நாலாம் மாதம். எட்டு நாளாக வயிற்றில் எதுவும் தங்குவதில்லை. இன்று கஞ்சித் தண்ணீரும் வெளியே. வியாழனுக்குள் ஏதாவது தங்காவிட்டால் டவுன் ஆசுபத்திரி என்றார் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி. தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று சுலைகாவின் உம்மாவான மாமியிடம் மட்டும் சொன்னாராம். ஏற்கனவே இரண்டு கருவிலேயே போய்விட்டன.

அஸர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரம், கண் விழித்தாள். ஒரு கனவாம். வாவி முழுக்கக் கண்ணாடியாய் உறைந்து கிடக்க, அதன்மேல் வெறுங்காலோடு நடந்தாளாம். கரையே வரவில்லையாம்.

“குளிரா ஏதும் தாங்க மச்சான். சூட்டக் கண்டாலே குமட்டுது.”

மே 5, திங்கள்

மீன் பெட்டிகளுக்குக் கொழும்பிலிருந்து ரயிலில் ஐஸ் வரும். ஸ்டேசனில் மீன் வியாபாரி யூசுப் காக்காவிடம் ஒரு கட்டி கேட்டு வாங்கினேன். சாக்கில் சுற்றி, சைக்கிளில். கல்லடிப் பாலம் முழுக்கச் சொட்டு. வீடு சேரும்போது தேங்காய் அளவு மிச்சம்.

பால் தேநீர். ஏலம் 3, கறுவாப்பட்டைத் துண்டு, தட்டிய இஞ்சி, சீனி. ஐஸை உடைத்து அதற்குள்ளேயே போட்டேன். ஒரு மிடறு. உடனே வெளியே. பிறகுதான் மோந்து பார்த்தேன். மீன் வாடை. என் புத்தி!

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மே 6, செவ்வாய்

மறுபடி ஸ்டேசன். யூசுப் காக்கா நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. பெரிய கட்டி, சுற்றிலும் மரத்தூள். ஐஸைத் தேநீருக்குள்ளே போடாதே, பாத்திரத்துக்கு வெளியே வைத்துக் குளிராக்கு, ஐஸ் மேல் கல்லுப்புத் தூவு என்றார்.

காலையிலேயே காய்ச்சி ஆறவைத்த தேநீர். செம்பில் ஊற்றி, வாயில் வாழையிலை வைத்துக் கட்டி, பானை ஐஸுக்குள் புதைத்துச் சுழற்றினேன். விரல் மரத்துப் போனது. கர்ப்பிணிக்குச் சளி பிடிக்கும் என்று மாமி முணுமுணுத்தார். ஆனாலும் பானையைப் பிடித்துக்கொண்டார்.

கட்டை அவிழ்த்தேன். ஓரமெல்லாம் ஊசி ஊசியாக ஐஸ். ஏலத்தின் மணம் மெதுவாக எழுந்தது. செம்பின் வெளிப்புறம் வியர்த்திருந்தது. வெளியே அத்தனை வெயில். எங்கள் அறை மட்டும் எங்கோ தண்ணீருக்கடியில் இருப்பது போல.

ஒரு கரண்டி. காத்திருந்தோம். இன்னொன்று. இரண்டு பேரும் அவள் தொண்டையையே பார்த்தபடி.

“இன்னம் ஒரு மிடறு தாங்க.”

அரைக் கோப்பை. பிறகு தூக்கம். மாமியும் நானும் பேசவில்லை. பேசினால் வெளியே வந்துவிடுமோ என்று.

மே 7, புதன்

விடியலில் நாலு துளி மழை. நேற்றுக் குடித்தது தங்கியது. காலையில் ஐஸில் வைத்திருந்த மிச்சத் தேநீர். பகல் கஞ்சி, கோப்பை நிறைய. அதுவும் தங்கியது. ஆசுபத்திரி வேண்டாம் என்றார் அப்போதிக்கரி.

அந்தியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். உதட்டில் ஈரம்.

“மச்சான், புள்ளைக்கு என்ன பேர் வைப்பம்?”

அடுப்படியில் மாமி விம்மும் சத்தம். நான் வாய் திறக்குமுன் சுலைகாவே ஒரு பெயர் சொன்னாள்.

இங்கே எழுதப் பயமாக இருக்கிறது.