தூணை எடுத்த மேடை

அன்புள்ள நட்சுகோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னால் முனகுகிறது. நீயும் மாப்பிள்ளை ருயியும் லிஸ்பனில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் புத்தர் மாடத்தில் சோறு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். நீ அனுப்பிய உப்பு மீனை இரண்டு முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்தும் கடல் போகவில்லை, அப்பா நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே மூன்று கிண்ணம் சோறு தின்றார். முள்ளங்கி ஊறுகாய் போட்டு முடித்துவிட்டேன், சீமைப்பனிச்சம் பழங்களைத் தோல் சீவிக் கூரையோரம் கட்டியிருக்கிறேன், காய்ந்ததும் அனுப்புகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமா தட்சுவோ உனக்கு போன் செய்து, கலை விழாவில் அக்கா தாளம் தவறிவிட்டாள், வயதாகிவிட்டது, நீதான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்றானாமே. மெச்சினேன் அவனை. நான்கு தெரு தள்ளி இருக்கிற எனக்குச் சொல்ல வாய் வராமல் பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிற உன்னிடம் சொல்லியிருக்கிறான். நடந்ததை நான் எழுதுகிறேன், மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

இந்த வருடம் கலை விழாக் குழுவுக்குத் தலைவர் குராமோச்சி. ஊரெல்லாம் சூதாட்டக் கூடம் வைத்திருக்கிறாரே, அவர்தான். நான்கைந்து வருடமாக மாமாவிடம் நோ என்கிற நம் பழைய முகமூடி நாடகம் படிக்கிறார். படிக்கிறார் என்றா சொன்னேன், மாமாவின் பயிற்சி மேடைக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்தார், அதற்கு மாமா இவரைப் பாராட்டிக்கொண்டே இருக்கிறான். அந்தக் கூரையின் நிழலில் வளர்ந்த கலைஞர் இந்த வருடம் தானே முழு நாடகத்தில் தலைமை வேடம் கட்டுவேன் என்றார். அதுவும் இளம்பெண் வேடம். முகமூடி போட்டுப் பார்த்தபோது பெண்ணின் மெல்லிய முகம் மேலே, அதற்குக் கீழே மூன்று தாடை. அந்த முகமூடி உன் தாத்தா காலத்துக்கும் மிக முந்தையது, கறுப்பு அரக்குப் பெட்டியிலிருந்து எடுக்கவே நாங்கள் பலமுறை யோசிப்போம். மாமா அதை எடுத்து, மாம்பழம் கொடுப்பதைப் போலக் கொடுத்தான்.

மாப்பிள்ளைக்குச் சொல், அந்த முகமூடிக்குள் போனவனுக்கு எதிரில் ஒரு கோடு வெளிச்சம்தான் தெரியும், கால் தெரியாது, மேடை விளிம்பு தெரியாது. முன்மூலையில் இருக்கும் தூணைப் பார்த்துத்தான் எங்கே நிற்கிறோம் என்று கணக்கிடுவான். இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா, ஒத்திகையன்று தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவை மறைக்கிறது என்றதும், அந்தத் தூணைக் கழற்றி எடுத்துவிடச் சொன்னார். வாசித்துக்கொண்டிருந்த நான் என் சின்ன மேளத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன், தூண் இல்லாம ஆடுறது ஆபத்துங்க ஐயா என்று. அவர் சிரித்துக்கொண்டே, “நீங்க உங்க மேளத்தப் பாத்துக்கோங்கம்மா, மேடைய நாங்க பாத்துக்கறோம். கண்ண மூடிக்கிட்டே நடப்பேன் நான், சூதாட்டக் கூடத்துல இருட்டுல நடந்து பழகின காலு இது” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மாமாவைப் பார்த்தேன். அவனுக்கு இதெல்லாம் தெரியாதா. மாமா தன் வெள்ளைக் காலுறையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். குராமோச்சிக்குத் தாளம் எண்ண வராது. நடு ஆட்டத்தில் மேடையின் முன்பக்கம் வந்து திரும்ப வேண்டிய இடத்தை அவர் ஒருநாளும் பிடித்ததில்லை. மேளக்காரர்கள் அடிக்கு அடி வாயாலும் குரல் கொடுப்போம் இல்லையா, அதனால் ஒத்திகைகளில் அந்த இடத்தில் நான் கொடுக்கும் குரலை அவருக்காகவே நீட்டிக் கொடுப்பேன். “யோ...ஓ...” என்று கேட்டால் மனிதர் திரும்புவார், வண்டிமாடு மாதிரி. அவருடைய ஆட்டக் கலை மொத்தமும் இவ்வளவுதான்.

விழாவன்று அரங்கு நிறைந்திருந்தது, ஆளுநர் நடுவில், குராமோச்சியின் மனைவி முன்வரிசையில், உன் அப்பா அவருக்குப் பின்னால் உட்கார்ந்து திரை விலகியதுமே தூங்கிப்போனார், அதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் மேளத் தோலில் ஊதி ஈரப்படுத்திக்கொண்டு மேடையின் பின்பக்கம் என் இடத்தில் உட்கார்ந்தேன். எனக்குச் சற்றுத் தள்ளி மாமா, மேடை உதவியாளனாக. வேடக்காரனுக்கு உடை சரிந்தாலும் வழி தவறினாலும் எழுந்துபோய் உதவுவதற்கென்றே உட்கார்த்திவைக்கப்படுகிறவன். நடு ஆட்டம் வந்தது. குராமோச்சி முன்னால் நடந்தார், நடந்தார், நிற்க வேண்டிய இடம் போயிற்று, இன்னும் நடக்கிறார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது, தங்க நூல் அங்கியின் ஓரம் மேடையின் ஓரத்தோடு ஒட்டிவிட்டது. மாமாவைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இரண்டு கையும் முழங்கால் மேல். எழுந்துபோய் அங்கியைப் பிடித்து இழுத்தால் ஆளுநர் எதிரில் குராமோச்சிக்கு அவமானம், புதுக் கூரைக்கு நன்றிகெட்ட செயல். அதனால் ஒரு மனிதன் விழுந்தால் விழட்டும் என்று சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான் என் உடன்பிறந்தவன்.

நான் குரல் கொடுத்தேன். அதற்கு இன்னும் எவ்வளவோ தாளம் பாக்கி இருந்தது. “யோ...ஓ...” என்று அந்த நீட்டின குரலை, நீட்டின மாதிரியே. குராமோச்சி ஒரு காலை அந்தரத்தில் வைத்தபடி நின்றார், திரும்பினார். பாடகர் வரிசையின் தலைவர் செகாவா ஒரு கணம் மூச்சை நிறுத்தி, நடுவிலிருந்த வரிகளை அப்படியே விழுங்கிவிட்டு, நான் குதித்த இடத்திலிருந்து பாட்டை எடுத்தார். அவர் கலைஞர். தாளம் தெரிந்தவர்களுக்கு எனக்குக் கிழிந்ததுபோலத்தான் காது கிழிந்திருக்கும். தெரியாதவர்கள் கைதட்டினார்கள்.

விருந்தில் குராமோச்சி கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். “சின்ன மேளம் இன்னிக்கு வீட்டுக்குப் போற அவசரத்துல இருந்துச்சு போல. நல்ல வேளை, நான் சமாளிச்சுட்டேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குராமோச்சி சிரித்ததை நான் அங்கேயே மறந்துவிட்டேன், முகமூடிக்குள் இருந்தவர் எதைக் கண்டார். மாமாவும் சிரித்தான், நட்சுகோ. வாய் விட்டு, பல் தெரிய.

மறுநாள் ஒரு பெட்டி விலாங்கு மீனோடு வந்தான். “அக்கா, ஒரே ஒரு வார்த்த மன்னிப்புன்னு சொல்லிடுங்க. பெரிய மனுஷன், மனசு நொந்துபோயிருக்காரு” என்றான். விலாங்கை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்து, “நீயே தின்னு, வழுக்குறதெல்லாம் உனக்குத்தான் ஒத்துக்கும்” என்றேன். அப்பா உள்ளேயிருந்து, மீனையாவது வாங்கி வைத்திருக்கலாமே என்றார். அவரோடும் அன்று முழுவதும் பேசவில்லை.

அந்த வாரத்திலேயே குராமோச்சியின் மனைவி தனியாக வந்தார். டீ கொடுத்தேன். குடித்துவிட்டு, “அந்தக் காலு என் தலைக்கு மேல வந்து நின்னுச்சுங்க. உள்ளங்கால் தெரிஞ்சுது. நீங்க கூப்பிடலேன்னா அவரும் இல்ல, நானும் இல்ல. வீட்ல சொன்னேன், நம்ப மாட்டேங்குறாரு” என்று சொல்லிக் குனிந்து வணங்கினார். பிறகு கதவருகே போய், “ஆனா உங்க குரலுக்கு மட்டும்தான் அவரு அப்படித் திரும்புறாரு. வீட்ல நான் எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்புறதில்ல” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவருக்கும்தான்.

வீட்டில் என்ன நடந்ததோ தெரியாது, வசந்த விழாவுக்குத் தூணோடு மேடை போடுவதாகவும், நான்தான் வாசிக்க வேண்டும் என்றும் மாமாவிடம் சொல்லியனுப்பியிருக்கிறார் குராமோச்சி. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை, அது அவர் வாயில் முளைக்காது. வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தெரியாதவனோடு மேடையேறலாம். தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறவன் உதவியாளனாக உட்காரும் மேடையில் இனி என் மேளம் இருக்காது, ஆளை மாற்றினால் வருகிறேன் என்றும் எழுதியனுப்பினேன். மாமாவுக்குக் கோபம். அதனால்தான் உனக்கு போன். மறுபடி கூப்பிட்டால் உடம்பை விசாரி, அத்தை நலமா என்று கேள், என் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடு.

ஊரில் கேட்பவர்களிடமெல்லாம், அந்த ஆளுக்காக யார் கூப்பிட்டார்கள், முகமூடி உடைந்துவிடுமே என்று கூப்பிட்டேன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். குராமோச்சி காதுக்கும் போயிருக்கும், போகட்டும், நன்றாக எரியட்டும். உனக்கு மட்டும் சொல்கிறேன், அந்த நேரத்தில் முகமூடி நினைவே வரவில்லை. கண் தெரியாமல் ஒரு கிழவர் பள்ளத்தைப் பார்த்து நடந்துபோகிறார், அவ்வளவுதான் தெரிந்தது. வாய் தானாகத் திறந்துவிட்டது. இதை மாப்பிள்ளையிடம் வேண்டுமானால் சொல், மாமாவிடம் சொல்லிவிடாதே.

கடற்கரைக் காற்றில் கழுத்தை மூடாமல் நடக்காதே. இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் கூப்பிட்டால் ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டு நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
இகுயோ