முதுகைக் காட்டி நின்றவன்

கேதகி,

லீவு கிடைக்கவில்லை என்று சொன்னது பொய். சாத்தாராவிலிருந்து பஸ் பிடித்துப் புனேவுக்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து உன் நாடகத்தைப் பார்த்தேன்.

நாடகம் தொடங்குவதற்கான மூன்றாவது மணி அடித்ததும் இயக்குநர் என்று உன் பெயரை அறிவித்தார்கள். உன் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவே, நம் மராத்தி வழக்கப்படி கல்யாணத்திலிருந்து இருக்கும் என் பெயரைக் காணோம். பொறாமை இல்லை, சும்மா கேட்கிறேன்: எடுக்கச் சொன்னது நீதானா?

இயக்கம் கற்கலாம் என்று உன்னை வகுப்புக்கு இழுத்துப் போனவன் நான். நடிகர் பார்வையாளருக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது நம் முதல் பாடம். நீயோ நாடகத்தில் வரும் கணவனை, குழாயைத் திறந்துவிட்டு, காட்சி முழுக்கச் சுவரைப் பார்த்து நிற்க வைத்திருக்கிறாய்.

"தப்பு" என்று முணுமுணுத்தேன்.

"சும்மா இருங்க சார். அந்த முதுகே அழுவுது பாருங்க!" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். "யாரு டைரக்‌ஷன்?"

"தெரியாதுங்க."

இந்த நாடகத்தை இயக்க என்னை விட்டுவிட்டு உன்னைக் குழுவினர் தேர்ந்தெடுத்த அன்று, நம் சமையலறையில் நான் அப்படித்தான் நின்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இப்படிக்கு,
உன் பெயரின் நடுவே இருந்தவன்