மாமி பார்த்த இரண்டாம் பாகம்

கல்முனை
13.01.2025

அன்புள்ள மருமகன் றிபாத் அவர்களுக்கு மாமி கைருன்னிஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் மில்லிலிருந்து பளீல் அரிசி ஏற்றி வந்திருக்கிறார். லொறி திரும்புவதற்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். விசயம் இதுதான். நாம் டீவியில் பார்த்துச் சிரித்த 'ஒரு கிணறு மூன்று வீடு' நாடகம் இருக்கிறதே, அதற்கு இரண்டாம் பாகம் போடத் தொடங்கிவிட்டார்கள். சனிக்கிழமைகளில், மஃரிப் தொழுகைக்குப் பிறகு. எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. கிணற்றையே மூடிவிட்டார்கள். மூன்று வீட்டாரும் இப்போது மாடிவீட்டில், ஆளுக்கொரு கார். தண்ணீருக்குச் சண்டை பிடிக்காத சனம் எதைக் கொண்டு நம்மைச் சிரிக்க வைக்கப்போகிறது? நாம் எங்கே சிரிக்க வேண்டும் என்று அவர்களே சிரித்துக் காட்டுகிறார்கள். கமலத்துக்கு வேறு ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். அதே பெயர், அதே மாதிரிச் சேலை, ஆள் மட்டும் வேறு. நம்மைக் குருடர் என்று நினைத்துவிட்டார்கள் போல.

இதை நான் யாரிடம் சொல்வது? ஆறு வருசம் நீங்கள் ஹோலில் இருந்து பார்த்தீர்கள், நான் அறைக்குள் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். மாமி மருமகனோடு நேரே கதைக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. என் மகள் ஹுஸ்னியா நடுவில் இருந்தாள். "புள்ள, மருமகனுக்கு அது விளங்கினதா எண்டு கேளு" என்பேன். "மாமிக்கு விளங்கினதா எண்டு நீ கேளு" என்பீர்கள். "ரெண்டு பேருக்கும் காது கேக்குதுதானே, நான் என்ன தபால்காரியா?" என்று அவள் ஏசுவாள். என் பிள்ளை மவுத்தாகி ஒன்றரை வருசமாகிறது. இப்போது என்னால் அறையிலும் இருக்க முடியவில்லை, ஹோலிலும் இருக்க முடியவில்லை. நாடகத்தைப் பாதியில் நிறுத்துகிறேன், பிறகு போடுகிறேன்.

போனில் கதைக்கச் சொல்கிறாள் என் தங்கை. மருமகனோடு போனில் கதைத்த மாமி ஒருத்தியையும் நான் இந்தத் தெருவில் கண்டதில்லை. எனக்கு இருந்தது ஒரு மகள், ஒரு மருமகன். மகளை அல்லாஹ் எடுத்துக்கொண்டான். மருமகனையும் விட்டுவிட எனக்கு மனமில்லை. உங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள்.

மாமி கைருன்னிஸா


வரிப்பத்தான்சேனை
20.01.2025

மதிப்புக்குரிய மாமிக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

கடிதம் கிடைத்தது. நான் இங்கே என் கூடப்பிறந்த ராத்தா வீட்டில்தான் இருக்கிறேன். மச்சானுக்குப் பிடிக்காததால் இங்கே டீவி இல்லை. ஆகவே அந்த இரண்டாம் பாகத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாம் பாகம் என்றாலே கூடாது என்று சொல்லிவிடவும் முடியாது. 'தபாற்கந்தோர் தம்பிராசா' இரண்டாவதும் நன்றாகத்தானே இருந்தது?

அறுவடை தொடங்கிவிட்டால் மில்லில் தலை நிமிர நேரமிருக்காது. இடைவெளி கிடைத்தால் வருகிறேன். மருந்துகளை நேரத்துக்குக் குடியுங்கள்.

மருமகன் றிபாத்


கல்முனை
29.01.2025

அன்புள்ள மருமகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

தம்பிராசாவையா நன்றாக இருந்தது என்கிறீர்கள்? மில் தவிடு கண்ணுக்குள் போய்விட்டதா? முதல் பாகத்தில் அவனுடைய சைக்கிளில் காற்றுப் போனாலே நமக்குச் சிரிப்பு வரும். இரண்டாம் பாகத்தில் அவனை லண்டனுக்கு அனுப்பி, பனியில் வழுக்கி விழ வைத்தார்கள். யார் விழுந்தாலும் சிரிப்பு வரும், அதற்குத் தம்பிராசா எதற்கு? முதல் பாகம் எடுக்கிறவனிடம் சொல்ல ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் பாகம் எடுக்கிறவனிடம், பார்க்க ஆள் இருக்கிறது என்ற தைரியம்தான் இருக்கிறது.

அந்தப் புதுக் கமலம் வந்தவுடன் டீவியை நிறுத்திவிடுகிறேன். நிறுத்தினால் வீடு கம்மென்று ஆகிவிடுகிறது. அது தாங்காமல் மறுபடியும் போட்டால், அவள்தான் வந்து நிற்கிறாள்.

இடைவெளி கிடைத்தால் என்றால் எப்போது? வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழும்பிப் போய்ப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக்கு வருகிறவர்கள் என்னைக் கண்டு வெட்கப்படுகிறார்கள்.

மாமி கைருன்னிஸா


வரிப்பத்தான்சேனை
10.02.2025

மதிப்புக்குரிய மாமிக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

உங்களோடு வாதாடினால் நான் தோற்பேன் என்று தெரியும். என்றாலும் அந்தப் பெண்ணின் விசயத்தில் நீங்கள் கொஞ்சம் அநியாயம் செய்கிறீர்கள். போன சனிக்கிழமை கிழவரின் பல்செட்டை ஊறுகாய்ப் போத்தலுக்குள் போட்டுவிட்டு முழித்தாளே, அந்த முழியைப் பழைய கமலம்கூட முழித்திருக்க மாட்டாள். அவள் பழையவளைப் போல நடிக்கப் பார்க்கவில்லை, மாமி. புதிதாக வந்த வீட்டில் சீனி எங்கே, உப்பு எங்கே என்று தெரியாத ஆளைப் போல நிற்கிறாள். பாவம். பழையவள் இனி வரப்போவதில்லை. இவளைக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்தானே?

அறுவடை மும்முரம். பிறகு எழுதுகிறேன்.

மருமகன் றிபாத்


கல்முனை
13.02.2025

றிபாத் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ராத்தா வீட்டுக்கு எப்போது டீவி வந்தது?

ஊறுகாய்ப் போத்தலை நீங்கள் எங்கிருந்து பார்த்தீர்கள் என்று பளீலிடம் கேட்டேன். மனிசர் லொறிப் பக்கம் நழுவப் பார்த்தார். விடவில்லை நான். "ராத்தா, என்ன மாட்டி உடாதீங்க. டிசம்பர்லயே பாலமுனையில நிகாஹ் முடிஞ்சிரிச்சி. பொண்ணுட பேரு ஜெனூபா. அந்த வீட்டுலதான் இப்ப இரிக்கார்" என்றார்.

நீங்கள் கல்யாணம் முடித்ததைப் பிழை என்று சொல்ல நான் யார்? இளம் வயது. தனியாக இருக்க முடியாது. இதை நானே உங்கள் ராத்தாவிடம் சொல்லியனுப்ப நினைத்திருந்தேன், பிறகு வாய் வரவில்லை. ஆனால் ஊரெல்லாம் வலீமா விருந்துச் சோறு தின்று கை கழுவிய பிறகும் எனக்குத் தெரியாது. நான் வாசலை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாபம் போடுவேன் என்று பயந்தீர்களா? என்னை அவ்வளவுதான் விளங்கினதா?

அந்த வீட்டு மாமியும் திரைச்சீலைக்குப் பின்னால்தான் இருக்கிறாவா? இதை ஏன் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பதில் வேண்டாம்.

கைருன்னிஸா


பாலமுனை
18.02.2025

மாமி, அஸ்ஸலாமு அலைக்கும்.

வேண்டாம் என்றீர்கள். மன்னியுங்கள், எழுதுகிறேன்.

நிகாஹுக்கு முன் இரண்டு தடவை கல்முனைக்கு வந்தேன். உங்கள் தெருமுனையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு யோசித்தேன். உங்களிடம் நான் எதையும் நேரே சொன்னதில்லை. காய்ச்சல் என்றாலும் ஹுஸ்னியா வழியாகத்தான் சொன்னேன். இந்தச் செய்தியை யார் வழியாகச் சொல்வது? சந்தியில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பிறகு உங்கள் கடிதம் வந்தது. மருமகனையும் விட்டுவிட மனமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு உண்மையை எழுதக் கை ஓடவில்லை.

இந்த மாமி திரைச்சீலை போடவில்லை. எதிரே சோபாவில் இருந்து "மகன், விளங்கினதா?" என்று நேரே கேட்கிறா. நல்ல மனிசி. எனக்குத்தான் எந்தப் பக்கம் பார்த்துப் பதில் சொல்வது என்று தெரியவில்லை. முதல் நாள் ஜெனூபாவைத் திரும்பிப் பார்த்து "மாமிட்ட ஓம் எண்டு சொல்லு" என்றேன். வீடே சிரித்தது. நாடகத்தில் சிரிப்பான இடம் வந்தால் நான் இப்போதும் உடனே சிரிப்பதில்லை. உள்ளறையில் இருந்து உங்கள் சிரிப்பு வருகிறதா என்று காத்துக்கொண்டிருக்கிறேன்.

மனைவி மவுத்தானாலும் மாமி உறவு முறியாது, அது தாயைப் போன்ற உறவு என்று மௌலவி சொன்னார். நோன்புக்கு முன் ஜெனூபாவையும் கூட்டிக்கொண்டு வர விரும்புகிறேன். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் எழுத வேண்டாம். விளங்கிக்கொள்வேன்.

றிபாத்


கல்முனை
23.02.2025

மருமகனுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து ஓரிடத்தில் இருக்கவில்லை நான். டீவியை ஹோலிலிருந்து அறைக்குத் தூக்கினேன், பிறகு அறையிலிருந்து ஹோலுக்கு. தங்கை வந்து பார்த்துவிட்டு எனக்குப் பைத்தியம் என்றாள்.

நேற்று முழுதாகப் பார்த்தேன். என் அபிப்பிராயம் மாறவில்லை. கிணறு இல்லாத கதை ஒரு கதையா? அந்தப் பெண் கதைக்கிற வேகத்துக்கு யாரோ பின்னால் துரத்துகிறார்கள் போலிருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் சிரித்துவிட்டேன். சிரித்தவுடனே அழுகை வந்தது, ஹுஸ்னியாவுக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்று. பிறகு, நீங்களும் அந்த வீட்டில் இப்படித்தான் சிரித்துவிட்டுத் தவிப்பீர்களாக்கும் என்று நினைத்தேன். அதோடு கோபம் விட்டது. முழுதாக விடவில்லை, பாதி விட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தவுடன் இரண்டு பேரும் வாருங்கள். இறால் பொரித்து வைக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு உறைப்பு ஆகுமா என்று பளீலிடம் சொல்லி அனுப்புங்கள்.

ஒன்று மட்டும் ஜெனூபாவிடம் சொல்லிவையுங்கள். நான் சொல்வதை உங்களிடமும் நீங்கள் சொல்வதை என்னிடமும் சொல்ல அவள் எழும்ப வேண்டாம். என் பக்கத்தில் இருக்கட்டும், வயிறு நிறையச் சாப்பிடட்டும், விரும்பினால் என்னை உம்மா என்று கூப்பிடட்டும். நம் இரண்டு பேருக்கும் நடுவில் மட்டும் நிற்கக் கூடாது. அது ஹுஸ்னியாவின் இடம்.

ஆகவே, சோறு போதுமா என்று நானே வெளியில் வந்து உங்களிடம் கேட்பேன். பழக்கமில்லாத வாய், நடுங்கும். நிலத்தைப் பார்த்துக்கொண்டாவது எனக்குப் பதில் சொல்லிவிடுங்கள், மகன்.

மாமி கைருன்னிஸா